கூட உட்காரச் சொன்னாள்

என் பேத்திக்கு மூன்று வயது கடந்தும் பேச்சு வரவில்லை என்று காது பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். அந்தப் பரிசோதனை நான் சொன்ன பொய்யால் வந்தது. வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மகனும் மருமகளும் ஓசூர் சிப்காட்டில் வெவ்வேறு கம்பெனிகளில் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற நான் பகலில் பேத்தியைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மருமகள் தருமபுரிப் பக்கத்துப் பெண். டிவியில் சின்னக் குழந்தைகளுக்கான கல்வி நிகழ்ச்சி ஒன்றை அவள்தான் தேடிப் பிடித்தாள்.

"மாமா, சும்மா ஓட விட்டுறாதீங்க. கூட உக்காந்து அது என்னா, இது என்னான்னு கேளுங்க. அவ சொல்ற வரைக்கும் இருங்க."

"எனக்கே பாடமா? எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் தெரியுமா?"

"பெரிய பசங்களுக்குத்தான மாமா? இது வாண்டு. நீங்க தூங்கினா எழுப்பி விடவும் ஆளில்ல" என்று சிரித்தபடி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

முதல் சில நாட்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு டிவியைப் போட்டுவிட்டு பால்கனிக்குப் போய், செல்போனில் முகம் தெரியாத ஆட்களோடு செஸ் ஆடத் தொடங்கினேன். உள்ளே நிகழ்ச்சிக்காரப் பெண், "இது என்ன நிறம்? சொல்லுங்க பார்க்கலாம்!" என்பாள். கொஞ்ச நேரம் மௌனம். யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், "அருமை!" என்பாள். குழந்தை கைதட்டும் சத்தம் கேட்கும். எல்லாம் ஒழுங்காக நடப்பதாக நினைத்துக்கொள்வேன்.

சாயங்காலம் மருமகள் கேட்பாள். "கூட உக்காந்தீங்களா மாமா?"

"பின்னே?"

பேத்தி டிவியில் கேட்டபடியே நிறங்களை ஒப்பித்தாள். எண்களை ஒப்பித்தாள். வந்தவர்களுக்கெல்லாம் அதைச் செய்து காட்டச் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆனால் தாகம் எடுத்தால் தண்ணீர் என்று கேட்கத் தெரியாமல் என் வேட்டியைப் பிடித்துக் குடத்தருகே இழுப்பாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மருமகள் கவலைப்பட்டபோது, இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் காரணத்தையே நானும் சொன்னேன்: "வீட்டுல தமிழ், கீழே தெலுங்கு, தெருவுல கன்னடம். குழந்தை குழம்பிப் போச்சு." அதோடு நிற்கவில்லை. கீழே வீட்டுக்காரம்மாவின் பேரப்பிள்ளைகளோடு விளையாட அனுப்புவதையும் நிறுத்தினேன். படித்தவன் சொல்கிறேன் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்காரம்மா மாடிப்படியில் மடக்கினார். "ஏமி சார், பாப்பாவைக் கீழ விடவே மாட்டேங்கறீங்க? எங்க பசங்க கடிச்சா வெச்சிருவாங்க?"

"தமிழ் நல்லா வரட்டும்மா, அப்புறம் அனுப்பறேன்."

"வர்றப்போ வரட்டும். அதுவரைக்கும் வாயில பிளாஸ்திரி போட்டுட்டீங்களா?"

அவர் சொன்னதை நான் சட்டை செய்யவில்லை.

அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. குழந்தைக்குத் தூங்க மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டினார்கள். பசை பட்டதும் தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்தாள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன்.

காதில் குறை இல்லை என்றார் டாக்டர். "வீட்டில் குழந்தையோடு யார் பேசறாங்க?"

"எங்க மாமனார் காலேஜ் வாத்தியாரு டாக்டர். தினமும் டிவி முன்னாடி கூடவே உக்காந்து கேட்டுக் கேட்டுச் சொல்லித் தர்றாரு" என்றாள் மருமகள். அந்தக் குரலில் இருந்த பெருமையை என்னால் தாங்க முடியவில்லை.

"அவ்வளவு பேசியும் வரலன்னா, மூளை வளர்ச்சியையும் பார்த்துடலாம்."

மருமகளின் முகம் வெளுத்தது. அப்போதுதான் வாயைத் திறந்தேன். "நான் உட்காரல, டாக்டர். ஒரு நாளும் முழுசா உட்காரல."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "முதல்ல பேசுங்க. பிள்ளைகளோட விளையாட விடுங்க. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பார்ப்போம்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மருமகள் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். மடியில் குழந்தை இன்னும் மயக்கத்தில் இருந்தது. சுங்கச்சாவடி நெரிசலில் பஸ் நின்றபோது மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ஒயரை ஒட்டும்போதாவது சொல்லியிருக்கலாமில்ல மாமா?"

குழந்தையின் நெற்றியில் காய்ந்திருந்த பசையை விரலால் சுரண்டி எடுத்தேன்.

மறுநாளே குழந்தையை அவள் கீழ்வீட்டில் விட்டாள். இப்போது பேத்தி இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுகிறாள், பாதி தெலுங்கு. டாக்டரிடம் இன்னொரு முறை காட்ட வேண்டியிருக்கிறது. சாயங்காலங்களில் அதே நிகழ்ச்சியைப் போட்டு நான் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். மாடு வந்தால், "இது என்னடா கண்ணு?" என்று கேட்கிறேன். அவள் என்னைப் பார்ப்பதில்லை. பதில் டிவியிலிருந்து வரும் என்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடி கேட்டுக் காத்திருக்கிறேன்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் மருமகள் நடுநடுவே குழாயை மூடுகிறாள். நான் பேசுகிறேனா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் திறக்கிறாள்.