வலேரியின் வயிற்றுவலி

வலேரி ஸ்தெபானவிச்சுக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கைதான்: மேலே யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் சொல்வது சரி. மாஸ்கோவில் சோவியத் வெளியுறவு அமைச்சகத்தில் இருபது வருஷம் இதை வைத்தே பிழைத்தான். மனைவி லீதியா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். அவனைப் பற்றி அவளுக்கு எந்த மயக்கமும் மிச்சமில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை, அதிபருக்கு உடம்பு சரியில்லை, நாட்டை இனி ஒரு கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்று வானொலி சொன்னது. தெருவில் டாங்கிகள் வந்து நின்றன. புதிய ஆட்சி சட்டப்படியானதுதான் என்று எல்லாத் தூதரகங்களுக்கும் தந்தி போக வேண்டும். துறைத் தலைவர் தான் கையெழுத்திடப் பயந்து, அந்தத் தாளை வலேரி பக்கம் தள்ளினார். வலேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தான். அவன் துடித்த துடிப்பை நம்பி, ஆஸ்பத்திரியில் அன்றைக்கே வயிற்றைக் கிழித்துக் குடல்வாலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் லீதியா தயிர்ப்புட்டியோடு போனாள்.

"உன் குடல்வால்ல ஒரு கோளாறும் இல்லையாம். டாக்டர் சொன்னாரு."

"மெதுவாப் பேசு. வெளியில யார் கை ஓங்குது?"

"சனங்க மழையில நனைஞ்சுகிட்டு டாங்கிய மறிச்சு நிக்கிறாங்க."

"அப்ப அவங்கதானா?"

"தெரியல."

"தெரியலன்னா நான் இன்னும் கொஞ்சம் படுத்திருக்கேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். துறைத் தலைவர். ரத்த அழுத்தமாம்.

கமிட்டி இரண்டே நாளில் கவிழ்ந்தது. "கத்திக்கு உடம்பக் குடுத்தேன், அந்தத் தாளுக்குக் கையக் குடுக்கல" என்று வலேரி அமைச்சகம் முழுக்கச் சொல்லித் திரிந்தான். யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரம் எல்லோருக்குமே ஏதோ ஒரு நோய் வந்திருந்தது.

இலையுதிர் காலத்தில் குடியரசுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. தூதரகங்கள் யாருடையவை, சம்பளம் யார் தருவார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வலேரி நடைவழியில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தான். டிசம்பரில் ஒன்றியமே இல்லாமல் போனதும், தன் தாய் பல்தாவாவில் பிறந்த உக்ரேனியப் பெண் என்பது அவனுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

"கீவ்ல புது அமைச்சகத்துக்கு ஆள் எடுக்கிறாங்க. நீயும் கெளம்பு, லீதா."

"உனக்கு அந்த மொழியே தெரியாதே."

"ஒரு மாசத்துல வந்துரும். நான் தூதராகூட ஆகலாம்."

"உன்ன அனுப்புற நாடும் பாவம், வாங்கிக்கிற நாடும் பாவம்," என்று சொல்லிவிட்டு அவள் சூப்புக்கு முட்டைக்கோஸ் அரியப் போனாள்.

அவன் தனியாகவே ரயிலேறினான். பின்னாளில் ஏதோ ஒரு தலைநகரில் உக்ரேனியத் தூதரகத்து ஆலோசகராக இருந்துகொண்டு, மாஸ்கோ தன்னை இருபது வருஷம் நசுக்கியதாக மேடையில் பேசினானாம். யாரோ வந்து சொன்னபோது லீதியா அது எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.