கைதட்டிச் சோதித்த கடைக்காரர்

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை இருந்தது. கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு பழைய கம்ப்யூட்டர், எழுந்தால் தலையில் இடிக்கும் கூரை, அவ்வளவுதான். அதற்குள் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் கைதட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

மழைக்காலத்தில் குடையும் மற்ற நாட்களில் சுவர்க்கடிகாரமும் விற்றுக்கொண்டிருந்தவர், மலிவான எம்பிஃபோர் பிளேயர்கள் வந்ததும் அவற்றுக்கு மாறினார். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி, தீப்பெட்டி அளவுத் திரை, ஒரு காதில் மட்டும் பாடும் இயர்போன். போனில் படம் பார்ப்பது வசதியானவர்கள் சங்கதியாக இருந்த காலம் அது. அட்டையில் எட்டு ஜிபி என்று அச்சடித்திருக்கும். இவர் ஒவ்வொன்றையும் பிரித்து, உண்மையில் எவ்வளவு பிடிக்கும் என்று ஏற்றிப் பார்த்து, அச்சடித்ததை அடித்துவிட்டுப் பேனாவால் சரியான கணக்கை எழுதிவைப்பார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இந்த மலிவுப் பெட்டிகளில் ஒரு கோளாறு உண்டு. சில சமயம் சத்தம் முந்தும், படம் பிந்தும். அதைக் கண்டுபிடிக்க அவர் தன்னையே படம் எடுத்து வைத்திருந்தார். முகத்தைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்து, "ஒண்ணு" என்று சொல்லி ஒரு தட்டல், "ரெண்டு" என்று சொல்லி ஒரு தட்டல், இப்படியே பத்துவரை. கடைசியில் குனிந்து, "சத்தம் கேக்குதா?" என்று ஒரு கேள்வி. கை சேரும்போதே சத்தமும் வந்தால் பெட்டி தேறியது. பிறகு அந்தப் படத்தை அழித்துவிட்டுத்தான் விற்பார். பெயர் வந்த கதை இதுதான்.

நான் அவரிடம் போனது என் வீட்டுக்காரருக்காக. அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலை முதல் மாலைவரை கிளட்சை மெதுவாக விடச் சொல்லிச் சொல்லி, வீட்டில் நான் கதவைச் சாத்தினாலும் "மெதுவா விடு" என்பார். வாய் ஓயாத மனுஷன். ஒரு நாள் பக்கவாதம் வந்து அவர் வலது கையையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. நடை சீக்கிரம் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். வாயைத் திறந்தால் மட்டும் "தே" என்ற ஒரே சத்தம். தண்ணீருக்கும் தே, கோபத்துக்கும் தே.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா தங்கமானவர். தன் வாயைப் பார்த்துக் கூடவே சொல்ல வைப்பார். வீட்டில் பழகுவதற்காக அதையே படம் எடுத்து சிடியில் போட்டுக் கொடுத்தார். டிவியில் போட்டால் வீடே கூடிவிடும். மாமியார் கண்ணைத் துடைப்பார், என் மகள் விவரம் தெரியாமல் சிரித்துவிடுவாள். என் வீட்டுக்காரர் ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். கடைசியில் டிவி இருக்கும் அறைக்கே வருவதை நிறுத்திவிட்டார். பழகாமல் விட்டால் திரும்புகிற பேச்சும் திரும்பாமல் போகலாம் என்று பயிற்சி அம்மா சொன்னார். யாரும் பார்க்காத இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றுதான் கைதட்டியிடம் ஒரு பிளேயரை வாங்கினேன்.

சிடியில் இருந்த எம்பிஃபோர் ஃபைலை என் தம்பி அதில் ஏற்றினான். ஓடவில்லை. ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் வாலை மட்டும் மாற்றிப் பார்த்தான். வாலை மாற்றினால் ஆடு குதிரையாகிவிடுமா? "ஃபார்மட் எரர்" என்று வந்து நின்றது. பேக்கரியில் என் வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். எம்பிஃபோர் என்று எழுதி விற்ற பெட்டி எம்பிஃபோர் ஃபைலையே திறக்காது என்றால் என்ன அர்த்தம், பேர் பெத்த பேர் தாகத்துக்கு நீர் இல்லை என்கிற கதையா என்று, நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்.

"பேருதாம்மா எம்பிஃபோர். இது சாப்பிடறது ஏஎம்விங்கிற வேற ரகம் மட்டுந்தான்," என்றார். "குடுங்க, அதுக்குப் பிடிச்ச மாதிரி ஆக்கித் தரேன்."

ஆக்கித் தந்தார். படம் ஓடியது. ஆனால் அந்தத் துளித் திரையில் பயிற்சி அம்மா மேசை, நாற்காலி, பின்சுவர்க் காலண்டர் எல்லாவற்றோடும் உட்கார்ந்திருந்தார். வாய் எள் அளவு இருந்தது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். கேட்டு முடித்தவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். மேசை, நாற்காலி, காலண்டர், பயிற்சி அம்மாவின் கண்கள் உட்பட எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார். மூக்கு நுனியிலிருந்து தாடைவரை மட்டும் விட்டுவைத்தார். இப்போது திரை முழுக்க உதடும் பல்லும் நாக்கும்தான்.

அதோடு விடவில்லை. சத்தம் உதட்டோடு சேரவில்லை என்று மறுபடி மாற்றினார். ஒவ்வொரு முறையும் தன் கைதட்டல் படத்தையும் அதே மாதிரி மாற்றி ஏற்றி ஒப்பிட்டார். குறையைக் கண்டுபிடித்து மறுபடி தொடங்கினார். நின்றுகொண்டிருந்த வாடிக்கையாளர்கள் சலித்துப்போய்க் கிளம்பினார்கள். எனக்கே சங்கடமாகி, இது போதும் என்றேன்.

"உதடு பொய் சொல்லக் கூடாதும்மா," என்றார். "அவரு அதைப் பாத்துதானே பழகப்போறாரு."

என் வீட்டுக்காரர் பிளேயரை இடது கையில் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் அவர் பள்ளிக்கூடம். தவறாமல் போனார். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் அதையும் விட்டுவிடுவாரோ என்ற பயம். நாட்கள் ஓடின. போகும்போதும் தே, இறங்கி வரும்போதும் தே. பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம், ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

காய்ந்த துணியை எடுக்கப் போன ஒரு மாலையில் தொட்டிக்குப் பின்னாலிருந்து கைதட்டும் சத்தம் வந்தது. மெல்ல எட்டிப் பார்த்தேன். திரையில் பயிற்சி அம்மாவின் வாய் இல்லை. நம்ம கைதட்டி, பெரிய முகமாக, எண்ணிக்கொண்டிருந்தார். மாற்றி மாற்றி ஏற்றியதில் தன் படத்தை அழிக்க மறந்துவிட்டிருந்தார் மனுஷன். என் வீட்டுக்காரர் பயிற்சியை விட்டுவிட்டு இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை அழித்துவிடட்டுமா என்று பயிற்சி அம்மாவிடம் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். சொந்தமாக ஒரு சொல் எடுக்க முடியாதவர்களில் சிலருக்கு, எண்ணுவது மாதிரி வரிசையாக வாயில் பழகிப்போனது முதலில் வரும், இருக்கட்டும் என்றார். மனசில்லாமல் விட்டுவைத்தேன்.

பிறகு ஒரு காலை. நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்து நிலைக்கதவருகே நின்றார். வலது கைதான் தூக்க வராதே, இடது கையால் தொடையில் ஒரு தட்டு தட்டி, "ஒண்ணு" என்றார். நான் கத்தியைக் கீழே வைத்தேன். இன்னொரு தட்டு, "ரெண்டு." மூன்று வந்தது, நான்கு நழுவியது, ஐந்து வந்தது. அவருக்கே நம்பிக்கை இல்லை போலிருந்தது. கைதட்டி குனிகிற மாதிரியே என் பக்கம் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வந்து வைத்தார்.

"சத்தம்... கேக்குதா?"

"கேக்குதுங்க," என்றேன். "நல்லாக் கேக்குது."

வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். போடவில்லை. வாய்விட்டே அழுதேன். இன்று அவர் வீட்டில் நான்கு வார்த்தை சேர்த்துப் பேசுகிறார், நடுவில் ஒன்று நழுவினால் தானே சிரித்துக்கொள்கிறார். நான் கதவைச் சாத்தினால் "மெதுவா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அதுவே எனக்குப் போதும். பயிற்சி அம்மாவுக்கு நன்றி சொல்ல வார்த்தை இருந்தது. கைதட்டிக்கு எப்படிச் சொல்வது? அவர் பட்ட பாட்டுக்குச் சொல்லலாம், அவர் மறதிக்கும் சேர்த்து எப்படிச் சொல்வது என்றுதான் விளங்கவில்லை.

அவர் முதலில் எண்ணிக் காட்டிய அந்த வாரமே இருவரும் கடைக்குப் போனோம். நான் சொல்ல ஆரம்பித்ததும் கைதட்டியின் காதில் பாதிதான் விழுந்தது. தன் படத்தை அழிக்காமலா கொடுத்துவிட்டேன் என்று பதறி, மன்னிப்புக் கேட்டு, பிளேயரை வாங்கக் கையை நீட்டினார். மீதியைச் சொன்னேன். நீட்டிய கை அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு" என்று சொல்லி, தன் இடது உள்ளங்கையால் அதில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். நிறுத்தத்தில் நின்றவர்கள் அன்றும் திரும்பிப் பார்த்தார்கள்.

கைதட்டி பழக்கம் விடாமல் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"சரியா இருக்கும்மா," என்றார் என்னிடம். "கையும் சத்தமும் ஒண்ணா வருது."