காதுக்காரரும் நான்கு வேக டயோடுகளும்

“கண்ணைக் கட்டிவிடுங்க. சாதா டயோடு போட்ட ஆம்ப்ளிஃபயர் எது, வேக டயோடு போட்டது எதுன்னு பத்துத் தடவை கேளுங்க. பத்துக்குப் பத்து சொல்லலேன்னா இந்தக் காதை அறுத்து உங்க கையில குடுக்கிறேன்.”

இப்படிச் சொன்னபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. ஆம்ப்ளிஃபயர் கட்டுவதும் பழுது பார்ப்பதும் தொழில். ஊர் அவரைக் காதுக்காரர் என்றது. பாதிப் பேர் மரியாதையாகச் சொன்னார்கள், மீதிப் பேர் வேறு விதமாகச் சொன்னார்கள். அந்த வித்தியாசம் மட்டும் அவர் காதில் விழுந்ததில்லை.

டயோடு என்பது ஒருவழிக் கதவு. சுவரிலிருந்து வரும் மின்சாரம் முன்னும் பின்னும் ஊசலாடும்; அதை ஒரு பக்கமாக மட்டும் உள்ளே விடுவது இதன் வேலை. சாதா டயோடு கதவைச் சாத்துவதில் கொஞ்சம் சோம்பேறி. கொஞ்சம் என்றால், நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் பல்லாயிரம் தடவை தூங்கி எழுந்துவிடும் அளவுக்கு. வேக டயோடு அந்தச் சோம்பலும் இல்லாமல் சாத்தும். சோம்பேறிக் கதவு சாத்தும்போது எழும் சலசலப்பு பாட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது என்பது காதுக்காரரின் வேதம். ஆகவே அவர் டயோடு தேர்ந்தெடுப்பது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது போல் நடக்கும். எத்தனை வோல்ட் தாங்கும், எத்தனை ஆம்பியர் சுமக்கும், சூடானால் எப்படி நடந்துகொள்ளும் என்று விசாரித்துவிட்டு, கடைசியில் குணத்துக்கு வருவார். “வேகமா சாத்தணும். ஆனா கதவை அறையக் கூடாது.”

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் வந்தது மனைவியின் தம்பிக்கு.

அந்த மைத்துனருக்கும் இதே தொழில். பொதுக்கூட்ட மண்டபம் ஒன்றுக்கு அவர் ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுத்தார். பிடித்துப்போனால் மற்ற அறைகளுக்கும் அவரே என்று பேச்சு. பொருத்திய மறுநாளே ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். மண்டப மேலாளர் பெரிய வைத்தியரைக் கூப்பிடுவதாக நினைத்துக் காதுக்காரரைக் கூப்பிட்டார்.

காதுக்காரர் மூடியைக் கழற்றினார், எட்டிப் பார்த்தார், நோயாளி பிழைக்கமாட்டார் என்பதுபோல் தலையாட்டினார்.

“மாப்ளே, என்ன டயோடு இது?”

“சாதாதான் அத்தான். இந்த வேலைக்கு அது போதுமே.”

“கேட்டீங்களா,” என்றார் மேலாளரிடம். “போதுமாம்.”

தீர்ப்பு எழுதியாகிவிட்டது, விசாரணை தேவைப்படவில்லை. பெட்டியைத் தம் கடைக்குக் கொண்டுபோய் நான்கு வேக டயோடுகளைப் பொருத்தினார். மண்டபத்து மின்சாரம் அழுக்கு என்பதும் அவர் கொள்கை. அதனால் திரும்பக் கொண்டுவரும்போது தடித்த ஒயர் வைத்த தம் சொந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் எடுத்துவந்தார். ஆம்ப்ளிஃபயரையும் மைக்குகள் வந்து சேரும் மிக்சரையும் அதிலேயே செருகினார். இரைச்சல் நின்றது.

“சத்தம் எவ்வளவு தெளிவாச்சு பாத்தீங்களா?” என்றார்.

“ஆமா ஆமா,” என்றார் மேலாளர். இல்லை என்றால் தம் காதைச் சந்தேகிப்பார்களே என்ற கவலை அவருக்கு.

மற்ற அறைகளின் வேலை காதுக்காரருக்கு வந்தது. மைத்துனர் ஒரு கடையில் மின்விசிறிக்குக் காயில் சுற்றப் போனார். அக்கா வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். அக்கா மட்டும் சாப்பாடு போடும்போது தினம் ஒரு தடவை கேட்பாள்: “உங்க டயோடு எல்லாம் சௌக்கியமா?”

ஏழு மாதம் சௌக்கியமாகத்தான் இருந்தன. எட்டாம் மாதம் மேலாளரின் ஃபோன். அதே ‘ம்ம்ம்’.

காதுக்காரர் மண்டபத்தின் பின்னறையில் மண்டியிட்டுப் பார்த்தார். எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் காணோம். யாரோ துணி தேய்க்க எடுத்துப் போயிருந்தார்கள். முதல் தடவை போலவே மிக்சர் மேடை ஓரத்துப் பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் பின்னறைப் பிளக்கிலும் இருந்தன. மிக்சரிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கினார். இரைச்சல் நின்றது. திரும்பச் செருகினார். வந்தது. இரண்டு மூலையில் நிலத்துக்கு இறங்கும் இரண்டு எர்த், நடுவில் அவற்றை வளையமாக்கி இரைச்சலை இழுத்துவரும் ஒரு ஒயர், வேறொன்றுமில்லை. முன்பு இரைச்சலை நிறுத்தியது டயோடு அல்ல, இரண்டையும் ஒரே இடத்தில் செருகவைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எவனும் செய்து பார்க்கிற சோதனை இது. அன்றைக்கு அவர் செய்யவில்லை. மூடியைக் கழற்றி டயோடைப் பார்த்ததும் காது கேட்பதை நிறுத்தியிருந்தது.

“என்ன சார், உங்க டயோடும் தேஞ்சுபோச்சா?” என்றார் மேலாளர்.

“கொஞ்சம் சூடாயிருக்கு. நாளைக்கு வரேன்,” என்றார் காதுக்காரர். சொன்ன வாய் வீடுவரை கசந்தது.

அன்று இரவு சாப்பாடு போடும்போது மனைவி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அவர் தட்டைப் பார்த்தபடி இரண்டு எர்த்துக் கதையைச் சொன்னார். ஒரு சண்டையை எதிர்பார்த்தார். அது வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“இதை என்கிட்ட ஏன் சொல்றீங்க?” என்றாள் அவள். “நான் என்ன மேலாளரா?”

மறுநாள் மைத்துனர் காயில் சுற்றும் கடை வாசலில் போய் நின்றார். வாடிக்கையாளர் என்று நினைத்துக் கடைக்காரர் நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. மைத்துனர் கையில் வார்னிஷோடு வெளியே வந்தார். முழுவதையும் கேட்டார்.

“அன்னைக்கே பிளக்கைப் பாருங்கன்னு சொல்ல வந்தேன் அத்தான்.”

“சொல்லியிருக்கலாமே.”

“நீங்க பேசி முடிக்கலையே.”

இருவரும் மண்டபத்துக்குப் போனார்கள். காதுக்காரர் இரண்டு பிளக்கையும் ஒரே இடத்தில் செருகிக் காட்டி, “தப்பு இவன் மேல இல்ல. நான்தான் பாக்காம பேசிட்டேன்,” என்றார்.

மேலாளர் தாடையைச் சொறிந்தார். “சரி சார். ஆனா வேக டயோடுல தெளிவு ஜாஸ்திதானே? நானே கேட்டேனே. தம்பி சாதா போடுறவரு. மிச்ச அறைங்க வேலை உங்ககிட்டயே இருக்கட்டும்.”

தாம் ஊதிய பலூன் இன்னொருவர் கையில் பறப்பதைக் காதுக்காரர் பார்த்தார்.

“தம்பி, நீ கட்டின இன்னொரு பெட்டி இருக்குமே, இதே அச்சுல?”

மைத்துனர் வீட்டு அலமாரி மேல் கிடந்தது; சாதா டயோடோடு வந்து சேர்ந்தது. ஒரே ஸ்பீக்கர், ஒரே அளவுச் சத்தம், ஒரே புல்லாங்குழல் பதிவு. மாற்றுவதற்கு ஒரு சுவிட்ச். அது மைத்துனர் கையில். மேலாளரிடம் நோட்டு. காதுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நிஜமாகவே கேட்டார், ஒரு மூலையில் ஆசையும் இருந்தது.

“வேகம்,” என்றார் முதலில்.

“சாதா,” என்றார் மைத்துனர், மெதுவாக.

இரண்டாவது சரி. மூன்றாவது, நான்காவது தவறு. ஐந்தாவது சரி. ஆறாவது தவறு. மேலாளர் நோட்டை மூடினார். “போதும் சார். எனக்குப் புரிஞ்சுது. தம்பியே கட்டட்டும்.”

“பத்துன்னு சொன்னேன். இன்னும் நாலு இருக்கு,” என்றார் காதுக்காரர், திரும்பாமல்.

குழல் மறுபடி தொடங்கியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பதிவு முடியும்வரை கேட்டார்.

“தெரியலை,” என்றார்.

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்க அத்தான்.”

“தெரியலைன்னே எழுதச் சொல்லு.”