பாறைக்குப் போகும்போது கழற்ற வேண்டியவை

பாறை ஏறப் போகிறவள் என்ன உடுத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லாத ஆளே இல்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி ஜீன்ஸ் போடு என்றாள். அவள் ஆயுசுக்கும் ஏறியது மின்படிக்கட்டு மட்டும்தான். கிள்ளான் துணிக்கடைக்காரர், "சிஸ்டர், காட்டன் எடுங்க லா, காத்தோட்டமா இருக்கும்" என்று ஒரு சட்டையைத் தலையில் கட்டினார். பருத்தி வியர்வையைக் குடித்துக் குடித்து ஈரச் சாக்காகக் கனக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. அவருக்கென்ன, வியாபாரம் ஆனால் சரி.

கடைசியில் எங்கள் பயிற்சியாளர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். சுங்கை வேயைச் சேர்ந்த பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள், வாயில் மட்டும் மிலிட்டரி. முழங்காலை நெஞ்சுவரை மடக்க முடிகிற, இழுத்தால் இழுபடுகிற பேண்ட். அரைக்கால் சட்டை வேண்டவே வேண்டாம், சுண்ணாம்புப் பாறை தோலைச் சீவிவிடும், மிச்சத்தைக் கொசு பார்த்துக்கொள்ளும். கறுப்பும் வேண்டாம், கொசுவுக்குப் பிடித்த நிறம். டீ-சர்ட் கயிறு மாட்டுகிற இடுப்பு வாருக்குள் செருகும் நீளம் இருக்க வேண்டும். தலைமுடியைக் கொண்டையாகக் கட்ட வேண்டும். காலணி விரல்களை நெரிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். கடைசி வரி: மோதிரம், வளையல், சங்கிலி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.

மற்றதெல்லாம் பாசார் மாலாம் இரவுச் சந்தையிலேயே கிடைத்துவிட்டது. பேண்டைப் போட்டுப் பார்க்கும்போது முழங்காலைத் தூக்கிப் பார்த்தேன், கடைக்காரி சிரித்தாள். சிரிக்கட்டும். கடைசி வரிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

என் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜினியர். வருடத்தில் ஏழெட்டு மாதம் தண்ணீரில்தான் இருப்பார். பண்டமாரான் வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை என்றால் மாமியார். அவருக்கு ஒரே பிள்ளை. மாமா தவறிப் போனபோது அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயது. பிள்ளையிடமிருந்து அழைப்பு வராத நாளில் அத்தை சாப்பிடுவது பாதிச் சோறு. வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் உள்ளரங்கச் சுவரில் ஏறப் பழகியது அந்த வீட்டு மௌனம் தாங்காமல்தான். சுவரில் தொங்கும்போது அடுத்த பிடியைத் தவிர வேறெதுவும் மனதில் வராது. அங்கே தாலியைக் கழற்றி லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவேன், அத்தைக்குத் தெரியாது. ஆனால் வெளிப்பாறைக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்து, அத்தையின் கண் முன்னால்.

மெட்டிக்கு எப்படியோ ஒத்துக்கொண்டார். "ஷூ இறுக்கும்னா கழட்டி சாமி மேடையில வையி" என்றார். தாலி பேச்சை எடுத்ததுமே முகம் மாறிவிட்டது.

"அவன் கடல்ல இருக்கறப்ப அது கழுத்தை விட்டு எறங்கக் கூடாதும்மா. மத்தது உன் இஷ்டம்."

படித்தவள்தானே நான், எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதில் ஒரு மகா புத்திசாலித்தனம் செய்தேன். விரலில் சுற்றும் பிளாஸ்திரியை எடுத்து, தாலிக்கொடியை நெஞ்சோடு சேர்த்து நாலு பட்டை ஒட்டி, மேலே கழுத்து மூடிய டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. பயிற்சியாளரிடம் மூச்சு விடவில்லை.

பத்துமலையின் பின்பக்கம் எங்கள் பாறை. கோவில் கூட்டமோ படிக்கட்டோ அங்கே கிடையாது. செம்மண் பாதை, புதர், தலைக்கு மேல் சாம்பல் நிறச் சுவர், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் வியர்வையில் பிளாஸ்திரி கழன்றுவிட்டது. பாதி உயரத்தில் மார்பைப் பாறையோடு ஒட்டி நகர்ந்தபோது கொடி வெளியே வந்திருக்கிறது. ஒரு கூர்முனையில் அது மாட்டியது எனக்குத் தெரியாது. கால் வழுக்கியது. மேலிருந்து வந்த கயிறு ஒரு சாணுக்குள் என்னைப் பிடித்துவிட்டது. அந்த ஒரு சாண் தூரத்துக்கு மட்டும் என் கழுத்தைப் பிடித்தது தாலிக்கொடி. கொடியின் கொக்கி விரிந்து கொடுத்ததால் பிழைத்தேன்.

இறக்கியதும் பயிற்சியாளர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்களுக்குப் பைத்தியமா? செயின் அறுந்திருக்காது, கழுத்துதான் அறுந்திருக்கும்! இனிமே இதோட வந்தீங்கன்னா கயிறு கட்ட மாட்டேன், சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாத கோபம்தான் ரொம்ப மோசம்.

மறுநாளே கிள்ளானில் கொக்கியை மாற்றிவிட்டேன். இரண்டு நாள் காலர் வைத்த சட்டையாகப் போட்டேன். மூன்றாம் நாள் குனிந்து குழம்பு ஊற்றும்போது அத்தை பார்த்துவிட்டார்.

"கழுத்துல என்ன கோடு?"

"கொசு அத்தை."

"கொசு ஸ்கேல் வச்சுக் கடிக்குமா?"

சொல்லிவிட்டேன். முழுவதும். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்போது என் வீட்டுக்காரரிடமிருந்து அழைப்பு வந்து ஆறு நாளாகியிருந்தது.

"அவன் தண்ணியில கெடக்கான். நீ கல்லுல தொங்குற. நான் எதுக்குன்னு பயப்படுவேன், சொல்லு."

"அப்போ போகலை, விடுங்க."

"போகாதன்னு நான் சொன்னேனா? நான் சொன்ன பேச்சுக்குத்தானே அதை ஒட்டிக்கிட்டுப் போன? உனக்கு ஒன்னு ஆயிருந்தா அவனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?" சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கழுத்துல இல்லாட்டிப் போகுது. ஆனா நீ இருக்கற எடத்துலதான் அது இருக்கணும். வீட்ல வச்சிட்டுப் போக நான் விட மாட்டேன்."

"பாறைக்குக் கீழ பையை வச்சா யாரு பார்த்துக்குவா? நீங்க வந்து உட்காருங்க!" என்று சுள்ளென்று சொன்னேன். வாய் தவறி வந்த பேச்சு. அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு விடியுமுன்னே அத்தை தயார். நான் இழுபடும் பேண்டும் வெளிர்நீல டீ-சர்ட்டும். அவர் பட்டுச் சேலை, நெற்றியில் திருநீறு, கையில் வாழைப்பழமும் சூடமும். பத்துமலை என்றால் அவருக்குக் கோவில்தான். அது மலையின் பின்பக்கம் என்று காரில் ஏறியதிலிருந்து சொன்னேன். "முன்னாடியோ பின்னாடியோ, மலை அவனோடதுதானே?" செம்மண் பாதை தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"ஆன்டி, போட்டுக்குங்க, கண்ணாடித் துண்டு கெடக்கு" என்று பயிற்சியாளர் ஓடி வந்தாள். அத்தை அவளுடைய காலணியைப் பார்த்து, "நீங்கள்லாம் ஷூவோடயா சாமி மேல ஏறுறீங்க?" என்றார். அந்த மிலிட்டரிக்காரி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு கெஞ்சிக் கூத்தாடிச் செருப்பைப் போடவைத்தோம்.

பாறையடியில் நான் கொடியைக் கழற்றினேன். அத்தை கையை நீட்டவில்லை. முந்தானையை விரித்து, அதில் போடு என்று கண்ணால் காட்டினார்.

"கையில வாங்குங்க அத்தை. பட்டு வழுக்கும், விழுந்துடும்."

"நான் தொடக் கூடாதும்மா," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "உங்க மாமா போனதுலேர்ந்து நான் இதெல்லாம் தொடறதில்ல. எம் புள்ள கடல்ல இருக்கான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதுத் துணிக்கு மஞ்சள் வைக்கும்போதெல்லாம் "நீயே வச்சுக்க" என்று தள்ளிவிடுவார். சோம்பல் என்று நினைத்திருந்தேன், மடச்சி. எங்கள் கல்யாணத்தில் தாலி ஏறும் நேரம் அவர் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்றார். மணவறையிலிருந்து நான் பார்த்தேன். வாங்க என்று ஒரு வார்த்தை கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. பெற்ற பிள்ளையின் கல்யாணம், அவர் எட்டி நின்று பார்த்தார்.

எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். "உங்க பையன் கட்டின தாலி! நீங்க தொடாம வேற யாரு தொடுறது?" என்று கத்திவிட்டேன். கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையை விலக்கி, அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஏறினேன். சட்டைக்குள் மறைக்க எதுவும் இல்லாததால் உடம்பு லேசாக இருந்தது. பாதியில் நின்று கீழே பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அத்தை தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் பொத்தி, நெஞ்சோடு வைத்து, உதடு அசைய எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முறை என் கால் நழுவியபோது அவர் "ஐயோ!" என்று அலறியது பாறை முழுக்கக் கேட்டது. மேலே போய், கயிறு கோத்திருந்த வளையத்தைத் தொட்டேன். பயிற்சியாளர் இறக்கினாள்.

என் வீட்டுக்காரர் அடுத்த செவ்வாய்க்கிழமை அழைத்தார். கப்பலில் இணையம் கெட்டிருந்ததாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

கீழே வந்ததும் கையை நீட்டினேன். அத்தை கொடுக்கவில்லை. பிடி வழுக்காமலிருக்கப் பூசிய வெள்ளை மாவு அப்பியிருந்த என் விரல்களைப் பார்த்தார், வியர்வை வழியும் கழுத்தைப் பார்த்தார், மங்கியிருந்த அந்தச் சிவப்புக் கோட்டையும் பார்த்தார்.

"திரும்பி நில்லு," என்றார். "நானே போட்டு விடுறேன்."

திரும்பி நின்றேன். முந்தானையால் என் கழுத்தைத் துடைத்தார். கொடி முன்னால் வந்து விழுந்தது. பின்கழுத்தில் அவர் விரல்கள் கொக்கியைத் தேடித் தேடித் தடுமாறின. நான் உதவி செய்யவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.