கலைந்த சக்கரங்கள்

அம்மாவுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் கல்லுளிமங்கி. முப்பத்தொரு வருடம் ரகசியச் செய்திகளைத் தட்டியவள். ஒரு வரிகூட வாயைத் தாண்டியதில்லை.

“இன்னைக்கு என்ன சேதி வந்துச்சு?” என்று அப்பா சீண்டுவார்.

“எழுத்து வந்துச்சு, எழுத்து போச்சு. வெந்நீர் ஆறுது, குளிச்சிட்டு வாங்க.”

அலுவலகத்தின் ஜன்னலில்லாத அறையில் அவளுக்கு ஓர் இரும்புப் பெட்டி. எந்தப் போருக்காகச் செய்ததோ, தெரியாது. செய்தவர் பெயர் இருந்த இடத்தை யாரோ அரத்தால் ராவி எடுத்திருந்தார்கள். உள்ளே ஐந்து சக்கரங்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் இருபத்தாறு ஆங்கில எழுத்துகள். கைப்பிடியை இழுத்தால், கொடுத்த எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்து தாள் நாடாவில் விழும். எதிர்முனையிலும் சக்கரங்கள் இதே எழுத்துகளில் தொடங்கினால்தான் செய்தி திரும்பக் கிடைக்கும். சிதைந்து வந்த செய்தியை அம்மா ஊகித்து நிரப்ப மாட்டாள். மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டாலும் ‘மறுபடி அனுப்பு’ என்றுதான் தட்டுவாள்.

கணினி வந்ததும் பெட்டியைக் கழித்துக் கட்டினார்கள். அம்மா அதை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். பள்ளிக்கூடம் போன மகளுக்கு அதுதான் விளையாட்டு. அம்மாவும் மகளும் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டி, ஒருவருக்கொருவர் ஒரு சொல்லை நாடாவில் விட்டுப்போவார்கள். விளையாட்டிலும் அலுவலகச் சட்டம்தான். எழுதிய தாள் வெளியே கிடக்கக் கூடாது. முடிந்ததும் சக்கரங்களைக் கலைத்துவிட வேண்டும்.

“வீட்டைப் பூட்டாமப் போனாலும் போ. இதைக் கலைக்காமப் போகாத.”

மகள் பொறியாளரானாள். அம்மாவுக்குத் தொண்டையில் புற்று. அறுவை சிகிச்சைக்குப் பின் குரல் போயிற்று. வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். கடைசியாக மருத்துவமனைக்குப் போனவள் திரும்பவில்லை.

நான்காம் நாள் மகள் வீட்டில் அம்மாவின் அறையை ஒழித்தாள். கைபேசியைத் தோளில் இடுக்கித் தம்பியோடு பேசிக்கொண்டே பெட்டியின் மூடியைத் திறந்தாள். கட்டைவிரல் தன்பாட்டில் ஐந்து சக்கரங்களையும் உருட்டிவிட்டது. பிறகு பெட்டியைத் தூக்கினாள். அடியில் ஒரு நாடாத் துண்டு. ஐந்து ஆங்கில எழுத்துகள். பின்புறம் பென்சிலில் அம்மாவின் கையெழுத்து:

‘சக்கரம் வச்சிருக்கேன். கலைக்காத.’

வாழ்நாளில் முதல்முறையாக அம்மா சட்டத்தை மீறியிருந்தாள். தாளை ஒளிக்கும் பழக்கத்தை மட்டும் அவளால் விட முடியவில்லை.

“என்னக்கா, பேச்சையே காணோம்?” என்றான் தம்பி.

“கலைச்சுட்டேன்டா.”

சக்கரங்களை நிறுத்த ஒரு கோடியே பதினெட்டு லட்சத்துச் சொச்சம் வழிகள். கணினிக்கு அது பெரிய வேலையில்லை. மகள் சக்கரங்களின் ஒவ்வொரு பல்லையும் அளந்து நிரல் எழுதினாள். மறுநாளே விடை வந்தது. ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில்.

“கண்ணுன்னு வருதாமே?” தம்பி நேரிலேயே வந்துவிட்டான். “அப்புறம் என்ன? உன்னை அப்படித்தானே கூப்பிடுவாங்க.”

“வண்டின்னும் வருது. துணின்னும் வருது. அஞ்செழுத்துல எதைத் தேடினாலும் பாதிக்கு மேல கிடைக்குதுடா.”

“வாய் பேச முடியாத மனுஷி உனக்கு வண்டின்னா எழுதி வைப்பாங்க?”

“அலமாரித் துணியைச் சொல்லியிருக்கலாம்ல.”

“நீயும் ஒரு கல்லுளிமங்கி. கண்ணுன்னே வச்சுக்கயேன், யார் கேக்கப் போறா?”

அவன் போன பிறகு, ‘கண்ணு’ வரும் இடத்தில் சக்கரங்களை நிறுத்தினாள். கைப்பிடியை ஐந்து முறை இழுத்தாள். நாடாவில் சொல் சுத்தமாக விழுந்தது. கிழித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. இது அம்மா அனுப்பியதா, தான் ஆசைப்பட்டதா என்றுதான் மனம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாடாவைப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். சக்கரங்களைக் கலைத்தாள். பிறகு, அவை எந்த எழுத்தில் நிற்கின்றன என்றுகூடப் பார்க்காமல், ‘மறுபடி அனுப்பு’ என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.