என் கையில் போன ஐந்து பல்புகள்

அன்றைக்குச் சாமி அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் வீட்டுக்காரர். அவருடைய அக்கா பாக்கியம். என்னைத் திரும்பக் கூட்டிப்போக அக்கரையில் நிபோங் திபாலிலிருந்து வந்திருந்த என் அண்ணன் வேலு. பிறகு வயர்மேன் செபஸ்தியான் அண்ணன். போன செவ்வாய்க்கிழமை செபஸ்தியான் அண்ணனும் போய்விட்டார். மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது அவர் மகள் போன் செய்தாள். "அத்தை, அப்பா போயிட்டாரு" என்றாள். கையைக்கூடக் கழுவாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் படிப்பு மூன்றாவதோடு சரி. ஆனால் எதையும் மறக்கமாட்டேன்.

எழுபதுகளில் கல்யாணமாகி அந்தக் கடைத்தெரு மாடி வீட்டுக்கு வந்தேன். பொழுது சாய்ந்ததும் சாமி படங்களுக்கு மேலே இருக்கும் சிவப்பு பல்பைப் போடுவது புது மருமகளின் வேலை. மூன்றாவது வாரம் சுவிட்சைத் தட்டினேன். 'டப்' என்றது, போய்விட்டது. வீட்டிலிருந்த பல்புப் பெட்டியிலிருந்து வேறொன்றை மாட்டினார்கள். அதுவும் என் விரலுக்குக் கீழேதான் போனது. மூன்று மாதத்தில் ஐந்து. "இவ கை வெச்சா சாமிக்கே வெளிச்சம் இல்ல" என்றார் பாக்கியம் அண்ணி. பாசார் சந்தையில் மீன்காரர் வரைக்கும் சொல்லிவைத்தார். பிறகு, வந்து கூட்டிப்போகச் சொல்லி என் பிறந்த வீட்டுக்குக் கடிதம் போனது.

அண்ணன் வந்து சேர்ந்தபோது என் பெட்டி கட்டித் தயாராக வாசலில் இருந்தது. "வயரப் பாக்காம பொண்ணப் பாத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த செபஸ்தியான் அண்ணனை அழைத்து வந்தான்.

அவர் செருப்பைப் படிக்கட்டுக்குக் கீழேயே விட்டுவிட்டு, "மேல ஏறட்டுமா?" என்று கேட்டுத்தான் வருவார். சுவரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். அதுதான் அவர் வழக்கம். "உள்ளங்கையால தொட்டா கரண்டு புடிச்சுக்கும், புறங்கைன்னா தள்ளி விட்டுரும்" என்பார். மீட்டரை வைத்துப் பார்த்தார். "இருநூத்து நாப்பத்தாறு வோல்ட்டு. இந்த ஊர்ல இருக்கிறதுதான். போன பல்புங்க எங்க?"

அண்ணி அவற்றைச் சாட்சிக்காக பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். செபஸ்தியான் அண்ணன் ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்தார்.

"எல்லாமே இருநூத்து இருபது. வேற ஊருக்குச் செஞ்ச பல்பு இது, அக்கா. இங்க போட்டா பளிச்சுனு எரியும். ஆனா நாலு மாசம் எரிய வேண்டியது மூணு வாரத்துல செத்துரும்."

"அப்ப ஏன் இவ கையில மட்டும் போகுது?" என்றார் அண்ணி.

"உள்ள கம்பி இளைச்சுப் போயிருக்கும். ஆறிக் கிடக்கிற கம்பியில கரண்டு மொத்தமா பாயறது சுவிட்ச் போடுறப்பதான். அப்பத்தான் அறும். தினம் யாரு போடுறாங்களோ அவங்க கையிலதான் போகும்லா. சந்தேகம்னா நாளையிலேர்ந்து நீங்க போடுங்கக்கா."

அண்ணி இரண்டு கைகளையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். "நான் ஏன் போடணும்? எனக்கு முட்டி வலி."

"முட்டியால போடச் சொல்லலியே."

அண்ணன்தான் முதலில் சிரித்தான். மூன்று மாதத்தில் முதல்முறையாக நானும் சிரித்தேன். சாயங்காலம் செபஸ்தியான் அண்ணன் இருநூற்று நாற்பது எழுதிய பல்பை வாங்கிவந்து மாட்டினார். "நீயே போடு தங்கச்சி" என்றார். போட்டேன். அடுத்த தைப்பூசம் தாண்டியும் அது எரிந்தது. என் அண்ணன் தனியாகத்தான் பெரிக் கப்பல் ஏறினான்.

போன வருடம் செபஸ்தியான் அண்ணன் படுக்கையில் கிடந்தபோது ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். பாதி குடித்துவிட்டு, "தங்கச்சி, ஒண்ணு சொல்லணும்" என்றார். "அந்தப் பல்புப் பெட்டிய உன் வீட்டுக்காரர் கப்பல்காரன்கிட்ட வாங்குறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். இது இங்க தாங்காது தம்பின்னு சொன்னேன். கேக்கல."

"அன்னிக்கே ஏன் சொல்லல அண்ணே?"

"சொல்லியிருந்தா உன் அண்ணன் உன்ன விட்டுட்டுப் போயிருப்பானா?"

அண்ணனோடு போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை. அதை நானே முடிவு செய்திருக்க வேண்டும் என்று அவர்மேல் ஒரு கோபம் உண்டு. அதையும் அவரிடம் சொல்லிச் சண்டை போட இன்னும் நாலு நாள் இருந்திருக்கலாம்.

கடையில் பல்பு வாங்கும்போது வெளிச்சத்தில் திருப்பி நம்பரைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். எழுத்து எனக்குத் தடுமாறும், நம்பர் தடுமாறாது. புதுச் சாமான் எதையும் புறங்கையால்தான் முதலில் தொடுகிறேன். அவர் எனக்கென்று விட்டுப்போனது இவ்வளவுதான். பொழுது சாயும்போது காது தானாகப் படிக்கட்டுப் பக்கம் போகிறது. மேலே ஏறட்டுமா என்று யாரும் கேட்பதில்லை. வருகிறவர்கள் செருப்போடு ஏறி வந்துவிடுகிறார்கள்.

பாக்கியம் அண்ணி கடைசியில் படுத்திருந்தபோது நான்தான் குளிப்பாட்டினேன். விஷயம் தெரியாமல் பேசியவர், அதனால் மன்னித்துவிட்டேன். மூன்று மாதமும் எல்லாம் தெரிந்தே என் கையால் சாப்பிட்டுவிட்டு, நான் அழுவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் படுத்திருந்தவர் ஒருவர் உண்டு. கட்டிய நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இதை அவரும் படிப்பார், படிக்கட்டும். நான் மன்னிக்காத ஆள், முத்துசாமி.