மூச்சு விடும் ஜாடி

மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மொட்டைமாடியில் அத்தை தக்காளி வளர்த்தாள். பழைய பெயிண்ட் வாளிகளில் ஆறு செடிகள். காய்கள் மேலே பளபளவென்று இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கொள்ளிக்கட்டையால் சுட்டதுபோல் வட்டமாகக் கறுத்திருக்கும். பக்கத்து வீட்டுச் சேச்சி ஒரு காயைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது ஆரோ செய்து வெச்சதாக்கும்" என்று சொல்லிவிட்டு உடனே கையைக் கழுவிக்கொண்டாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கோடவுனில் சுக்கு மூட்டை சுமந்த மாமா மூச்சிரைப்பில் இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கினாள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் செடிகளோடுதான். "இவளுக்குத் தலை சரியில்ல. பாலக்காட்டு அண்ணன்கிட்டயே அனுப்பிடலாமா?" என்று அப்பா அம்மாவிடம் கேட்பார். முக்கியமான விஷயங்களைப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள் என்பதை எட்டு வயதிலேயே தெரிந்துகொண்டிருந்தேன். அதனால் எதையும் தவறவிட்டதில்லை.

அத்தை கறுத்த காய் ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு விவசாய ஆபீசுக்குப் போனாள். செய்வினையும் இல்லை, ஒன்றும் இல்லை, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்று சொல்லி, அதற்கு ஒரு வழியும் சொல்லி அனுப்பினார்கள். சாயாக்கடையிலிருந்து முட்டை ஓடுகளை வாங்கிவந்து வறுத்து நொறுக்கினாள். கள்ளைப் புளிக்கவிட்டு வினிகராக்கிப் பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ஓடுகளைப் போட்டு, வாயைத் துணியால் கட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். ஜாடியின் மூடி பக்கத்தில் சும்மா கிடந்தது.

அது பள்ளி விடுமுறை. மத்தியானங்களில் வீடு அடங்கிக் கிடக்கும்போது படிக்கு அடியிலிருந்து மெல்லிய சீறல் கேட்கும். குனிந்து பார்த்தேன். ஓடுகள் தாமாகவே மேலே வந்தன. சற்று மிதந்தன. கீழிருந்து யாரோ இழுத்ததுபோல் ஒவ்வொன்றாக இறங்கின. மறுபடி மேலே வந்தன. அத்தை ஜாடியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூச்சு விடுது பாரு மோளே."

யாருடைய மூச்சு என்று நான் கேட்கவில்லை. மாமா கடைசி நாட்களில் அப்படித்தான் சீறினார்.

பத்து நாள் கழித்து அந்த நீரில் ஒரு கரண்டி எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கலந்து செடிகள்மேல் தெளித்தாள். பிறகு ஜாடியில் இன்னும் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் புதிய ஓடுகளைப் போட்டாள். சீறல் முன்னைவிடப் பலமாகக் கேட்டது. மறுநாள் மத்தியானம் அத்தை மாடியில் இருந்தபோது நான் துணியை அவிழ்த்து, மூடியை வைத்து, இரண்டு கையாலும் திருகி இறுக்கினேன். சத்தம் நின்றது. ஓடுகள் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

வெடித்த சத்தத்தில் தெருவே ஓடிவந்தது. அத்தை படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் கண்ணாடி ஏறியிருந்தது. மூடியைத் திறக்கத்தான் ஜாடியைத் தூக்கியிருக்கிறாள்.

"யாரு இத மூடினது?" என்று அப்பா கத்தினார்.

அத்தை என்னை ஒரு தடவை பார்த்தாள். "நான்தாண்ணா. மறந்துபோய் மூடிட்டேன்."

அப்பா அதற்குமேல் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வாரமே பாலக்காட்டுப் பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார். இவளை இனித் தனியாக விடமுடியாது, வீட்டையே கொளுத்திவிடுவாள் என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் பயம். பிறகு ஒருவித நிம்மதி. நான் மூடியதைத் தான் மூடியதாக அத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறாளே. அப்பா சொல்வதுபோல் அவளுக்கு ஏதோ ஆகித்தான் இருக்கிறது என்று நானும் நம்பிவிட்டேன்.

தெளித்த பிறகு பிடித்த காய்கள் அவள் போன பின்புதான் பழுத்தன. ஒன்றின் அடியில்கூடக் கறுப்பு இல்லை. அம்மா ரசம் வைத்தாள். சேச்சியும் நாலு பழம் கேட்டு வாங்கிப் போனாள்.

பெரியப்பா வந்து அழைத்துப்போன அன்று, கட்டுப் போட்ட கையால் அத்தை என் கன்னத்தைத் தொட்டாள். எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. "உங்க மறதியெல்லாம் சீக்கிரம் சரியாயிடும் அத்தே" என்றேன்.

அத்தை சிரித்தாள். மாமா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு நிஜமாகவே தலை சரியில்லை என்று எண்ணிக்கொண்டு நான் கையசைத்தேன்.